விடையைக் கொண்டு வினாவை வரையறுத்தல்

வினாவ அறிந்தவனே விடை பெறுதற்கு உரியவன் என்பது ஆசிரியத் தொழிலில் நாம் நாள்தோறும் காணும் உண்மையாகும். மாணாக்கன் ஒருவன் பாடத்தை அறியாதிருத்தல் பெருங்குறையன்று. தான் அறியாதது யாது என்பதை வகுத்துக் கேட்க மாட்டாதிருத்தலே பெருங்குறை. நம் இலக்கண நூலார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் நன்னூல் பகுத்து வைத்திருத்தலை நம் கல்லூரி மாணவர் யாவரும் படித்தேயிருப்பர்.

இக்காலத்திற் கடைகளும் வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் கணக்குகளைக் கணனியில் எழுதி வைக்கின்றன. பேரேட்டைப் புரட்டுவார் அருகினர். கணக்கை அறிய விரும்புவோர் கணனியை வினாவுகின்றனர். அஃது அறிக்கை வடிவில் விடையிறுக்கின்றது. நம் பழைய மாணவர் பலர் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் இத்தகைய அறிக்கைகளை ஆக்குவோராகவும், அவற்றைப் படித்து முடிபு செய்வோராகவும் பணியாற்றுகின்றனர். இன்றைய மாணவரோ தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகவே கற்கின்றனர். ஆதலின், ஓர் அறிக்கையிற் பெற்ற விடையைக் கொண்டு மற்றோர் அறிக்கையை வடிகட்டும் முறையைத் தமிழில் விளக்குதல் இருசாரார்க்கும் பயன்படும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். இது கணனி வல்லுநர் ஒருவரின் கட்டுரையன்று. சொற்றொடரைப் பகுத்துப் பொருள் காணும் தமிழாசிரியன் ஒருவனின் கட்டுரை. ஆயினும், இத்துறையில் நேரும் பிழைகளுட் பல சொற்றொடர்ப் பிழைகளே என்பதைப் படிப்போர் காண்பர்.

ஒரு கடிதம்

சில ஆண்டுகளின் முன் எம் அயலில் வாழ்ந்த முதியவர் ஒருவர்க்கு, அவர் உறுப்பினராயிருந்த சங்கம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. பெற்ற கடனில் ஒரு சதமேனும் அவர் செலுத்தவில்லை என்றும், பதினான்கு நாளுட் செலுத்தாவிடின் பிணை நின்றோர்க்கு அறிவிக்கப்படும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அவரோ தவணை தவறாதவர். பற்றுச்சீட்டுக்களைப் பழைய பிஸ்கற் பேணி ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார். அப்பேணியைக் கையிலேந்திக்கொண்டு எம்மிடம் வந்து, பிணை நின்ற மைத்துனர் முகத்தில் இனி எவ்வாறு விழிப்பது என்று கூறிக் கண்கலங்கினார்.

சீட்டுக்களைப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. அவர் கடன் பெற்றது தம் ஊர்க் கிளையில். மகளின் பேற்றுக்காலத்தில் அவள் புகுந்த ஊரிற் பல திங்கள் தங்கியிருந்தமையாற் பணத்தைச் செலுத்தியது அவ்வூர்க் கிளையில். சங்கத்தார் பொய் எழுதினாரல்லர். கணனியும் தவறாகக் கூட்டவில்லை. 'இக்கிளையில் இவர் செலுத்தியது யாது?' என்று அது வினாவப்பட்டது; 'ஒன்றுமில்லை' என்று உண்மையே உரைத்தது. கேட்டிருக்க வேண்டிய வினா வேறு. அவ்வேறுபாடு யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய கணக்கப்பிள்ளையின் முறை

கணனி வருமுன்னர் இவ்வேலையைக் கணக்கப்பிள்ளை எவ்வாறு செய்தார் என்பதை முதலில் நோக்குவோம். 'கிழக்குக் கிளையில் இவ்வாண்டின் முதல் ஆறு மாதத்துட் கடன் பெற்றவர்கள் இதுவரை எவ்வளவு திருப்பிச் செலுத்தியுள்ளனர்?' என்று முகாமையாளர் கேட்கின்றார் எனக் கொள்க. கணக்கப்பிள்ளை முதலிற் கடன் பேரேட்டை எடுப்பார். கிழக்குக் கிளை, சனவரி முதல் யூன் வரை என்னும் இரு வரம்புகளுள் அடங்கிய பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்வார். பின்னர்க் கடன் பேரேட்டை மூடி வைத்துவிட்டு, வரவுப் பேரேடுகளை எடுப்பார். இப்போது அவர் கையிலுள்ளது துண்டுத்தாள் மட்டுமே. ஒவ்வொரு வரவிலும் உள்ள பெயர் தம் தாளில் உண்டா என்று பார்ப்பார். உண்டெனிற் கூட்டுவார், இல்லையெனின் விடுவார்.

இதில் நாம் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்று. முதற் பேரேட்டிலிருந்து இரண்டாம் பேரேட்டுக்குச் சென்றது பெயர்ப்பட்டியல், அஃதாவது முதல் வினாவின் விடை. 'கிழக்குக் கிளை', 'யூன் வரை' என்னும் வரம்புகள் அங்கே செல்லவில்லை. அவற்றின் பணி பட்டியலை ஆக்குவதோடு முடிந்தது. நல்ல கணக்கப்பிள்ளை இதனை எவருங் கூறாமலே அறிந்திருந்தார். கணனிக்கோ இதனை நாம் கூறியாதல் வேண்டும்.

எண்களிற் காண்போம்

விளக்கத்தின் பொருட்டுச் சிறிய கணக்கொன்றை அமைத்துக் கொள்வோம். 2024 சனவரி 1 முதல் யூன் 30 வரை கிழக்குக் கிளையில் ஐந்து உறுப்பினர் கடன் பெற்றனர். அவர்களுடைய எண்கள் 104, 117, 131, 140, 152. ஒவ்வொருவரும் பெற்றது 50,000 ரூபா. 152 ஆம் உறுப்பினர் மட்டும் 25,000 ரூபா வீதம் இருமுறை பெற்றார்.

இனி, அவ்வாண்டு டிசெம்பர் 31 வரையுள்ள வரவுகளைக் காண்க. 104 ஆம் உறுப்பினர் மார்ச்சு மாதத்திற் கிழக்குக் கிளையில் 10,000 ரூபா செலுத்தினார். 117 ஆம் உறுப்பினர் மே மாதத்தில் மேற்குக் கிளையில் 10,000 ரூபா செலுத்தினார். 131 ஆம் உறுப்பினர் ஓகஸ்ட் மாதத்திற் கிழக்குக் கிளையில் 15,000 ரூபா செலுத்தினார். 140 ஆம் உறுப்பினர் ஒன்றுஞ் செலுத்தவில்லை. 152 ஆம் உறுப்பினர் யூன் மாதத்திற் கிழக்குக் கிளையில் 5,000 ரூபாவும், செப்டெம்பரில் மேற்குக் கிளையில் 5,000 ரூபாவுமாக 10,000 ரூபா செலுத்தினார். இவர்களையன்றி, 2023 ஆம் ஆண்டிற் கடன் பெற்ற 163 ஆம் உறுப்பினர் ஏப்பிரல் மாதத்திற் கிழக்குக் கிளையில் 20,000 ரூபா செலுத்தினார்.

அறிக்கை ஆக்குவோர் ஒருவர், 'கிழக்குக் கிளை. சனவரி முதல் யூன் வரை' என்னும் அதே வரம்புகளை இரண்டு அறிக்கைக்கும் இடுகின்றார் எனக் கொள்வோம். வரவு அறிக்கையில் 104 இன் 10,000 ரூபாவும், 152 இன் 5,000 ரூபாவும், 163 இன் 20,000 ரூபாவுமாக 35,000 ரூபா தோன்றும். கணக்கப்பிள்ளையின் முறைப்படி பட்டியலைக் கொண்டு வடிகட்டின், 104, 117, 131, 152 ஆகிய நால்வரும் செலுத்திய 45,000 ரூபா தோன்றும். 

இரண்டு தொகைக்குமிடையேயுள்ள வேறுபாடு 10,000 ரூபாவே. மேற்போக்காய்ப் பார்ப்பவர்க்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஆட்களை நோக்குக. முதல் முறையில் 117, 131, 140 ஆகிய மூவரும் ஒன்றுஞ் செலுத்தாதோர் ஆகின்றனர். உண்மையிற் செலுத்தாதவர் 140 ஒருவரே. ஒருவர் வேறு கிளையிற் செலுத்திய குற்றத்திற்காகவும், மற்றவர் யூன் கழிந்தபின் செலுத்திய குற்றத்திற்காகவும் எச்சரிக்கைக் கடிதம் பெறுவர். இக்கடன்களோடு தொடர்பில்லாத 163 இன் பணமோ கூட்டுத்தொகையிற் புகுந்து குறையை ஓரளவு மறைத்துவிடுகின்றது. இவ்வாறு பிழையொன்று பிழையொன்றை மறைக்கும் அறிக்கையே மிகவும் அஞ்சத்தக்கது.

இலக்கணம் காட்டும் வழி

இப்பிழையை இலக்கணங் கொண்டு தெளிவாகக் காட்டலாம். 'கிழக்குக் கிளையிற் கடன் பெற்ற உறுப்பினர் செலுத்திய தொகை யாது?' என்னும் தொடரைப் பகுத்து நோக்குக. இதில் 'பெற்ற' என்பதும் 'செலுத்திய' என்பதும் பெயரெச்சங்கள். முன்னது 'உறுப்பினர்' என்னும் பெயரையும், பின்னது 'தொகை' என்னும் பெயரையும் கொண்டு முடிந்தன. 'கிழக்குக் கிளையில்' என்னும் இடப்பொருட்டாகிய ஏழாம் வேற்றுமைத் தொடர் 'பெற்ற' என்பதைத் தழுவி நின்றது. 'செலுத்திய' என்பதைத் தழுவவில்லை. 

இனி, 'கடன் பெற்ற உறுப்பினர் கிழக்குக் கிளையிற் செலுத்திய தொகை யாது?' என்று அதே சொற்களை இடம் மாற்றுக. சொற்கள் அவையே, வினா வேறு. இரண்டு அறிக்கைக்கும் ஒரே வரம்பை இடுபவர், 'கிழக்குக் கிளையில்' என்னும் தொடரை இரண்டு எச்சத்தையும் தழுவுமாறு நிறுத்திவிடுகின்றார். அவர் செய்த பிழை கணக்குப் பிழையன்று. தழுவு தொடரின் பிழை.

நம் மொழியின் இயல்பு ஒன்று ஈண்டுத் துணை செய்கின்றது. தமிழில் அடைமொழியும் எச்சத் தொடரும் தாம் தழுவும் பெயர்க்கு முன்னரே வரும். ஆதலின் உள்ளடங்கிய வினா முன்னும், அதனை அடக்கிய வினா பின்னுமாக அமைகின்றன. 'கிழக்குக் கிளையிற் கடன் பெற்ற உறுப்பினர்' யாவர் என்பது தெளிந்த பின்னரே 'செலுத்திய தொகை' பேசப்படுகின்றது. இத்தகைய வடிகட்டலிற் கணனி வேலை செய்யும் ஒழுங்கும் இதுவே. ஆகையால், அறிக்கை ஆக்கத் தொடங்குமுன் தம் வினாவை ஒரு தமிழ்த் தொடராக எழுதி, எவ்வரம்பு எவ்வெச்சத்தைத் தழுவுகின்றது என்று கோடிட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் பிழைபடார்.

இம்முறை வந்த வரலாறு

கணனித் தரவுத்தளங்களில் முற்காலத்தில் ஒரு பதிவிலிருந்து மற்றொரு பதிவுக்குச் செல்லும் வழியை வினாவுவோரே அறிந்திருத்தல் வேண்டியிருந்தது. வழி மாறினால் நிரலையும் மாற்றி எழுத நேரும். இங்கிலாந்திற் பிறந்து ஐ.பி.எம். நிறுவனத்தின் கலிபோர்ணிய ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எட்கர் கொட் என்பார், 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிற் புதிய நெறியொன்றை வகுத்தார். தரவுகள் யாவும் அட்டவணைகளாக அமைக. வினாவுவோர் வழியைக் கூறாது வேண்டுவதை மட்டும் கூறுக என்பது அந்நெறியின் சாரம். இவ்வாறு தொடர்புடைமைத் தரவுத்தளம் தோன்றியது. இதன் பொருட்டு 1981 இல் அவர் டூரிங் பரிசு பெற்றார்.

அந்நிறுவனத்திலேயே பணியாற்றிய டொனால்ட் சேம்பர்லினும் றேமன்ட் பொய்சும் 1974 ஆம் ஆண்டில் 'சீக்குவல்' என்னும் வினவல் மொழியை வெளியிட்டனர். பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்று, 1986 இல் அமெரிக்க நியமமாகவும் 1987 இல் அனைத்துலக நியமமாகவும் ஏற்கப்பட்ட மொழி இதுவே. ஒரு வினவலின் விடையை மற்றொரு வினவலின் நிபந்தனையினுள் வைக்கும் முறை 1974 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே காணப்படுகின்றது. நாம் பேசும் வடிகட்டல் அம்மொழியோடு உடன்பிறந்தது எனலாம்.

ஆயினும் வாணிகத் துறையினர் யாவரும் அம்மொழியைக் கற்றுக்கொள்ளல் இயலாது. அக்குறையை நிரப்ப எழுந்த நிறுவனங்களுள் ஒன்று 1990 இற் பிரான்சு நாட்டிற் தொடங்கப்பட்ட பிஸ்னஸ் ஒப்ஜெக்ற்ஸ் என்பது. தரவுத்தளத்தின் அரிய குறியீட்டுப் பெயர்களை 'கிளை', 'உறுப்பினர்', 'தொகை' என்றாற் போன்ற வழக்குச் சொற்களாக்கி, அச்சொற்களை இழுத்து வைப்பதனாலேயே வினவலை அமைக்குமாறு அந்நிறுவனத்தார் செய்தனர். செர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் அதனை வாங்குவதாக 2007 இல் அறிவித்து, 2008 இல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன் 'வெப் இன்ரெலிஜென்ஸ்' என்னும் கருவி பல நாட்டு அலுவலகங்களில் வழங்குகின்றது. அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு செய்முறையைக் கூறுவோம்.

செய்முறை

இக்கருவியில் அறிக்கையைப் புதுப்பிக்கும்போது, 'எக்கிளை?', 'எந்நாள் முதல் எந்நாள் வரை?' என்று கணனி நம்மைக் கேட்குமாறு செய்யலாம். இதனைப் 'புரொம்ப்ற்' என்பர். நாம் முன்வினா என்போம். படிப்பவர் இறுக்கும் விடைக்கேற்ப அறிக்கை மாறும். ஒரே அறிக்கையை ஒவ்வொரு கிளையாரும் தத்தமக்கு ஏற்பப் பயன்படுத்த முடிவது இதனாலேயே.

ஓர் ஆவணத்தில் இரண்டு வினவல்களை அமைக்க. முதல் வினவலுக்குக் 'கடன்' என்றும் இரண்டாவதற்கு 'வரவு' என்றும் பெயரிடுக. கிளை, கடன் பெற்ற காலம் என்னும் முன்வினாக்களைக் கடன் வினவலில் மட்டும் வைக்க. வரவு வினவலின் வடிகட்டிப் பகுதியில் உறுப்பினர் எண்ணை வைத்து, 'பட்டியலில் உள்ளது' என்னும் உறவைத் தெரிந்து, ஒப்பிடும் பொருளாக 'மற்றொரு வினவலின் விளைவு' என்பதைத் தெரிக. பின்பு கடன் வினவலிலுள்ள உறுப்பினர் எண்ணைச் சுட்டுக. இவ்வளவே. புதுப்பிக்கும்போது கணனி முன்வினாக்களைக் கேட்கும்; கடன் வினவலை முதலில் நிறைவேற்றும்; அதில் வந்த எண்களைத் துண்டுத்தாள் போல எடுத்துச் சென்று வரவு வினவலை நிறைவேற்றும்.

வரவுக்கும் ஒரு கால வரம்பு வேண்டுமெனின், அதனைத் தனி முன்வினாவாக வைத்தல் வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. இரண்டு வினவல்களிலும் முன்வினாவின் சொற்கள் எழுத்துப் பிசகாமல் ஒன்றாயிருந்து, தரவின் வகையும் ஒன்றாயிருப்பின், கணனி அவ்விரண்டையும் ஒன்றாக்கி ஒருமுறையே கேட்கும். இரண்டிலும் 'முடிவு நாள் யாது?' என்று எழுதிவிட்டால், கடனுக்குக் கூறிய யூன் 30 வரவுக்கும் பொருந்தி, 131 ஆம் உறுப்பினரின் ஓகஸ்ட் மாதப் பணம் மறைந்துவிடும். படிப்பவர்க்கு ஒரு வினாவே காட்டப்படுதலால் இப்பிழை அவர் கண்ணுக்குப் புலனாகாது. ஆகவே, ஒன்றில் 'கடன் பெற்ற காலத்தின் முடிவு நாள்' என்றும், மற்றதில் 'வரவைக் கணிக்கும் முடிவு நாள்' என்றும் வேறு வேறாக எழுதுக. சொல் ஒன்றாயின் பொருளும் ஒன்றென்று கணனி கொள்ளும். பல பொருள் ஒரு சொல்லை அஃது அறியாது.

காத்துக்கொள்ள வேண்டியவை

இம்முறையிற் கவனிக்க வேண்டிய இடர்கள் சில உள.

முதலாவது, இரண்டு பேரேடுகளையும் இணைக்கும் சாவி. பெயரைக் கொண்டு இணைப்பது நம்மவர்க்குப் பொருந்தாது. தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு பேரேட்டில் முன்னும் மற்றொன்றிற் பின்னும் வரும். ஒரே பெயரை இருவர் இருவகையாக எழுதுவர். அடையாள அட்டை எண்ணைக் கொள்வோம் எனிற் பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் உள்ளன. 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையிற் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன. கடன் பெற்றபோது பழைய அட்டையையும் செலுத்தியபோது புதிய அட்டையையும் காட்டியவரைக் கணனி இருவராகக் கொள்ளும். சங்கம் தானே கொடுத்த உறுப்பினர் எண் இவற்றினும் சிறந்தது. வரவுப் பதிவிற் கடன் எண்ணும் எழுதப்பட்டிருப்பின் அதுவே தலைசிறந்தது. ஏனெனில், உறுப்பினர் எண்ணைக் கொண்டு வடிகட்டும்போது அவர் முன்னைய கடனுக்குச் செலுத்திய பணமும் இக்கடன் கணக்கிற் புகக்கூடும்.

இரண்டாவது, வடிகட்டலையும் இணைத்தலையும் ஒன்றெனக் கருதுதல். கடன் அட்டவணையையும் வரவு அட்டவணையையும் உறுப்பினர் எண்ணால் நேரே இணைத்தால், 152 ஆம் உறுப்பினரின் இரண்டு கடன்களும் இரண்டு வரவுகளும் ஒன்றோடொன்று பெருகி நான்கு வரிசைகளாகும். அவர் செலுத்திய 10,000 ரூபா 20,000 ரூபாவாகத் தோன்றும். வடிகட்டலில் இவ்விடர் இல்லை. 'இவர் பட்டியலில் உண்டா?' என்னும் வினாவுக்கு உண்டு, இல்லை என்னும் இரண்டே விடை. துண்டுத்தாளில் ஒருவர் பெயர் இருமுறை எழுதப்பட்டிருந்தாலும் அவர் பணம் ஒருமுறையே எண்ணப்படும்.

மூன்றாவது, வெற்றிடம். செலுத்தாதோரை அறிய விரும்பி, 'கடன் பட்டியலில் உள்ளவருள் வரவுப் பட்டியலில் இல்லாதவர் யாவர்?' என்று எஸ்.கியூ.எல். மொழியிற் கேட்கின்றோம். வரவுப் பட்டியலில் ஒரேயொரு பதிவில் உறுப்பினர் எண் எழுதப்படாது விடப்பட்டிருந்தாலும், விடை 'ஒருவருமில்லை' என்று வரும். 140 ஆம் உறுப்பினரும் தப்பிவிடுவார். இதன் காரணம் சிந்திக்கத்தக்கது. 140 என்பது 104 அன்று, 117 அன்று என்று கணனி ஒவ்வொன்றாய் ஒப்பிட்டு வருகின்றது. வெற்றிடத்தை அடைந்ததும், இவ்விடத்தில் இருக்க வேண்டிய எண் 140 ஆகவும் இருக்கலாம், அன்றாகவும் இருக்கலாம் என்று ஐயுறுகின்றது. ஐயமின்றி உண்மையானவற்றையே விடையாகத் தருதல் அதன் விதி. ஆதலால் 140 ஐ விட்டுவிடுகின்றது. இவ்வையம் எல்லா எண்ணுக்கும் பொதுவாகலின் ஒருவரும் விடையில் வாரார். வெற்றிடப் பதிவுகளை முன்னரே நீக்கிக்கொள்ளுதல், அல்லது 'இவ்வுறுப்பினர்க்குரிய வரவுப் பதிவு ஒன்றேனும் உண்டா?' என்று ஒவ்வொருவர்க்கும் வினாவும் வகையில் அமைத்தல் இதற்குப் பரிகாரமாகும். எண் எழுதப்படாத அவ்வரவு யாருடையது என்று தேடிக் காணுதல் இவ்விரண்டினும் நன்று. அது 140 ஆம் உறுப்பினரின் பணமாகவே இருத்தலுங் கூடும் அன்றோ!

நான்காவது, பட்டியலின் நீளம். முதல் வினவலின் விடைகளை ஒன்றொன்றாக எழுதி அனுப்பும்போது, ஏற்கும் தரவுத்தளம் அதற்கு ஓர் எல்லை வகுத்திருத்தல் கூடும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஒரு பட்டியலில் 1000 பெறுமானங்களுக்கு மேல் இடமில்லை என்னும் வரம்பு நெடுங்காலம் இருந்து வந்தது. இரண்டு அட்டவணைகளும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பின், முதல் வினவலைத் துணை வினவலாக இரண்டாவதனுள்ளேயே வைத்தல் நன்று; பட்டியல் வெளியே வந்து மீண்டும் உட்செல்ல வேண்டியதில்லை. தரவுகள் வெவ்வேறு தளங்களில் இருப்பின், விடையை எடுத்துச் செல்லும் முன்னைய முறையே வேண்டப்படும்.

முடிவுரை

இவ்விடர்கள் யாவற்றையும் அறியச் சிறந்த சோதனை ஒன்று உண்டு. அறிக்கையில் வந்த பெயர்களுள் இரண்டு மூன்றைத் தெரிந்து, மூலப் பதிவுகளைக் கையால் எடுத்துச் சரிபார்த்தலே அது. அறிக்கையில் வந்தவரை மட்டுமன்றி, வர வேண்டியிருந்தும் வராதவர் எவரேனும் உளரோ என்றுந் தேடல் வேண்டும். வந்த பிழை தாளிலே தெரியும். வராத பிழை தேடினாலன்றித் தெரியாது.

இம்மலரைக் காணும் மாணவர் பயிற்சியாக ஒன்றைச் செய்து பார்க்கலாம். மேலே கூறிய ஐந்து கடனாளரையும் ஆறு வரவுகளையும் இரு அட்டவணைகளாக எழுதி, வரம்புகளை மாற்றி மாற்றி வினாவுக. 35,000 ரூபாவும் 45,000 ரூபாவும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைத் தாமே கண்டபின் இப்பாடம் மறவாது. அலுவலகங்களிற் கடமையாற்றும் பழைய மாணவர், தாம் நாள்தோறும் ஒப்பமிடும் அறிக்கைகளுள் எவ்வரம்பு எதனைத் தழுவுகின்றது என்று ஒருகால் வினாவுவாராக.

பிஸ்கற் பேணியோடு வந்த முதியவரை அழைத்துக்கொண்டு சங்கத்திற்குச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் சீட்டுக்களைப் பார்த்து, மற்றைக் கிளையின் கணக்கையும் ஆராய்ந்து, தவறு நேர்ந்தமைக்கு வருந்திக் கடிதத்தை மீட்டுக்கொண்டார். முதியவர் திரும்பும் வழியில், "நல்ல காலம், சீட்டுக்களை எறியாமல் வைத்திருந்தேன்" என்றார். சீட்டை இழந்தவர் எத்தனை பேரோ என்னும் எண்ணம் எமக்கு எழுந்தது. அறிக்கையின் ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஒரு மனிதர் நிற்கின்றார். அவர் மானம் நாம் வினாவை அமைக்கும் முறையில் தங்கியுள்ளது. பிறர்மீது பழி வாராதவாறு வினாவக் கற்றலும் கல்வியின் பயனேயாம். அப்பயனை நம் கல்லூரி மாணவர்க்கு என்றென்றும் நல்கி நின்று நிலவுவதாக!